உருளைக்கிழங்கை விலக்கிவிட்டு ஜூஸ் குடிக்கச் சொல்லாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில் நலவாழ்வுப் பக்கத்தில் ஒரு பட்டியல் போட்டிருந்தீர்கள். இடது பக்கம் 'தவிர்க்க வேண்டியவை', வலது பக்கம் 'தினமும் சேர்க்க வேண்டியவை'. இடது பக்கத்தில் முதல் பெயரே உருளைக்கிழங்கு, வலது பக்கத்தில் மூன்றாவதாகப் பழச்சாறு. ஏன் என்று ஒரு வரி விளக்கம் இல்லை, எவ்வளவு என்று இல்லை, வேகவைத்ததா பொரித்ததா என்றும் இல்லை. என் அம்மா இதே மாதிரி ஒரு பட்டியலை நம்பி கிட்டத்தட்ட இரண்டு வருடம் நடந்தவர். அதனால்தான் இதைப் படித்துவிட்டுச் சும்மா மடித்து வைக்க முடியவில்லை. கடிதம் நீளமாகத்தான் இருக்கும். இடம் போதாமல் வெட்டினால் என் புலம்பலை வெட்டுங்கள், எண்களை விட்டுவிடுங்கள்.

அம்மாவுக்குச் சர்க்கரை நோய் என்று தெரிந்த அன்றே உருளைக்கிழங்கை நிறுத்திவிட்டார். அவருக்கு ரொம்பப் பிடித்த கிழங்கு, ஆனாலும் ஒரு துண்டுகூடத் தொடவில்லை. வீட்டில் மற்றவர்கள் சாப்பிடும்போது தட்டைப் பார்க்காமல் வேறு பக்கம் திரும்பிக்கொள்வார். அந்த அளவுக்குக் கட்டுப்பாடு. ஆனால் காலையில் ஒரு டம்ளர், சாயந்திரம் ஒரு டம்ளர் என்று ஆரஞ்சு ஜூஸ் மட்டும் தவறாது. அதில் சர்க்கரை போடுவதில்லை, பிழிந்த உடனே குடிக்கிறோம், பழம்தானே என்று எங்கள் எல்லோருக்கும் நிம்மதி. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை மட்டும் இறங்கவே இல்லை. மாத்திரை அளவு கூடியது, நடைப்பயிற்சி கூடியது, எண் அப்படியே நின்றது. கடைசியில் ஒரு டயட்டீஷியனிடம் அழைத்துப் போனேன். அவர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "உருளைக்கிழங்கை விட்டுட்டீங்க, சரிம்மா. அந்த இடத்துல என்ன வந்துச்சு?"

அம்மா ஜூஸ் என்றார், கொஞ்சம் பெருமையாகவே. அந்த அம்மையார் பேனாவை வைத்துவிட்டு எங்கள் இருவரையும் நிமிர்ந்து பார்த்தார்.

அன்று வீட்டுக்கு வந்ததும் நான் செய்த முதல் வேலை, சமையலறைத் தராசை எடுத்து மேசையில் வைத்தது. நடுத்தர அளவில் மூன்று ஆரஞ்சு எடுத்துப் பிழிந்தேன். ஒரு டம்ளர் நிறைய, சுமார் 250 மில்லி வந்தது. வடிகட்டியில் தங்கிய சக்கையையும் உரித்த சுளைத் தோலையும் பார்த்தேன், ஒரு சின்னக் கிண்ணம் நிறைய இருந்தது. தினமும் அதைத்தான் குப்பையில் கொட்டிக்கொண்டிருந்தோம். மூன்று பழத்தையும் சுளையாகச் சாப்பிட்டிருந்தால் கிட்டத்தட்ட 9 கிராம் நார்ச்சத்து கிடைத்திருக்கும். டம்ளரில் இறங்கியது அரை கிராம். மீதி எல்லாம் அந்தக் கிண்ணத்தில்.

அடுத்து, தோலோடு வேகவைத்த நடுத்தர உருளைக்கிழங்கு ஒன்றைத் தராசில் வைத்தேன். 150 கிராம். உணவுச் சத்து அட்டவணைகளில் இருக்கும் எண்களை வைத்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினேன். எழுதும்போது எனக்கே ஆச்சரியம், ஏனென்றால் கலோரியில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். கிழங்கில் 130, ஜூஸில் 112. மாவுச்சத்தும் சர்க்கரையும் சேர்ந்த மொத்தக் கார்போஹைட்ரேட் கிழங்கில் 30 கிராம், ஜூஸில் 26. ஒன்றைக் 'குண்டாக்கும்' என்று விலக்கிவிட்டு இன்னொன்றை 'லைட்டாக இருக்கும்' என்று குடித்ததில் அம்மாவுக்கு மிச்சமானது ஒன்றுமே இல்லை.

வித்தியாசம் அந்த கார்போஹைட்ரேட் எந்த வடிவத்தில் இருக்கிறது என்பதில்தான். வெந்த கிழங்கில் சர்க்கரை ஒன்றரை கிராம்கூட வராது, மற்றதெல்லாம் மாவுச்சத்தும் நார்ச்சத்தும். ஒரு டம்ளர் ஜூஸில் 21 கிராம் சர்க்கரை, அதாவது ஐந்து தேக்கரண்டி. இதே அளவு கோலா பானத்தில் சுமார் 26 கிராம் இருக்கும். கோலா குடிக்கிறேன் என்று அம்மா சொல்லியிருந்தால் நாங்கள் எல்லோரும் சேர்ந்து சண்டை போட்டிருப்போம். ஆரஞ்சு என்பதால் நாங்களே பிழிந்து கொடுத்தோம்.

பழத்தில் இருக்கும் சர்க்கரை இயற்கையானது, அதைக் கணக்கில் சேர்க்கலாமா என்று உங்கள் வாசகர்கள் கேட்பார்கள். நானும் கேட்டேன். உலக சுகாதார நிறுவனம் 2015இல் வெளியிட்ட சர்க்கரை வழிகாட்டுதலில் இதற்கு நேரடியான பதில் இருக்கிறது. முழுப்பழத்துக்குள் இருக்கும் சர்க்கரையை அவர்கள் கட்டுப்படுத்தச் சொல்லவில்லை. தேன், சர்க்கரைப் பாகு, பழச்சாறு, பழச்சாறுச் செறிவு ஆகியவற்றில் இருப்பதை, நாம் கையால் அள்ளிப் போடும் வெள்ளைச் சர்க்கரையோடு ஒரே வகையில் சேர்த்திருக்கிறார்கள். இந்த வகைச் சர்க்கரை நாள் முழுக்கச் சாப்பிடும் கலோரியில் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், 5 சதவீதத்துக்குள் வந்தால் இன்னும் நல்லது என்கிறார்கள். 2000 கலோரி சாப்பிடுகிறவருக்கு 10 சதவீதம் என்பது 50 கிராம், 5 சதவீதம் என்பது 25 கிராம். அம்மா குடித்த இரண்டு டம்ளரில் 42 கிராம். அவர் 2000 கலோரி சாப்பிடுகிற ஆளும் இல்லை.

சரி, ஜூஸுக்கு நியாயமாக இருக்க வேண்டும். வைட்டமின் சி விஷயத்தில் கிழங்கு அதன் பக்கத்தில்கூட வர முடியாது. ஒரு டம்ளர் ஆரஞ்சு ஜூஸில் சுமார் 124 மில்லிகிராம், கிழங்கில் 20தான். ஃபோலேட் என்ற பி வகை வைட்டமினும் ஜூஸில்தான் அதிகம். ஆனால் அந்த 20ஐ அலட்சியமாகத் தள்ளிவிடக் கூடாது. ஒருவருக்கு ஸ்கர்வி, அதாவது வைட்டமின் சி குறைவால் வரும் நோய், வராமல் தடுக்க ஒரு நாளைக்கு 10 மில்லிகிராம் போதும். உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா. உணவு வேளாண் அமைப்பும் பெரியவர்களுக்குச் சொல்லும் அளவு 45 மில்லிகிராம், அதில் ஏறக்குறைய பாதி ஒரே கிழங்கில் வந்துவிடுகிறது. சில நாடுகளில் 90 வரை சொல்கிறார்கள், அப்போதும் மீதிக்குக் காய்கறியும் பழமும் இருக்கின்றன. தேவைக்கு மேல் போகும் வைட்டமின் சியை உடல் பெரிதாகச் சேர்த்து வைப்பதும் இல்லை, சிறுநீரில் போய்விடும்.

உருளைக்கிழங்கில் வைட்டமின் சி இருக்கிறது என்பதே பலருக்குத் தெரியாது. அயர்லாந்தின் வரலாறு அதற்குச் சாட்சி. அங்கே ஏழை மக்கள் பல தலைமுறையாக முக்கியமாகக் கிழங்கையே நம்பி வாழ்ந்தார்கள். 1845இல் கிழங்குச் செடியில் கருகல் நோய் விழுந்து விளைச்சல் அழுகியது, பஞ்சம் வந்தது, கூடவே அதுவரை அங்கே பெரிதாகப் பார்த்திராத ஸ்கர்வியும் வந்தது. நிவாரணமாகக் கொடுத்த தானியம் வயிற்றை ஓரளவு நிரப்பியிருக்கும், ஆனால் அதில் வைட்டமின் சி கிடையாது.

ஸ்கர்வி என்றதும் எல்லோரும் சொல்வது 1747இல் ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் மருத்துவர் செய்த சோதனை. 12 மாலுமிகளை இரண்டு இரண்டு பேராகப் பிரித்து ஜோடிக்கொரு மருந்து கொடுத்துப் பார்த்தார், அதில் ஆரஞ்சும் எலுமிச்சையும் கிடைத்த இருவர்தான் சீக்கிரம் எழுந்து வேலைக்குத் திரும்பினார்கள். ஆரஞ்சு ஜூஸின் பெருமைக்கு இந்தக் கதையைத்தான் எடுத்துக்காட்டுகிறார்கள். ஆனால் லிண்ட் அவர்களுக்கு ஜூஸ் கொடுக்கவில்லை. தினமும் இரண்டு ஆரஞ்சு, ஒரு எலுமிச்சை, பழமாகவே கொடுத்தார், அவர்கள் ஆவலோடு கடித்துத் தின்றார்கள் என்று எழுதி வைத்திருக்கிறார். கப்பற்படையில் எலுமிச்சைச் சாறு கொடுத்ததெல்லாம் அதற்குப் பல வருடங்கள் கழித்துத்தான்.

மற்ற பல சத்துகளில் கிழங்குதான் முந்துகிறது. பொட்டாசியம் கிழங்கில் 570 மில்லிகிராம், ஜூஸில் சுமார் 500. நார்ச்சத்து கிழங்கில் சுமார் 3 கிராம், ஜூஸில் அரை கிராம். புரதம் 3 கிராமுக்கு எதிராக ஒன்றே முக்கால். வைட்டமின் பி6 ஜூஸைவிட நான்கு மடங்கு. இதுவரை சொன்னதெல்லாம் ஆரஞ்சுக்குத்தான் என்பதையும் கவனியுங்கள். ஆப்பிள் ஜூஸ் என்றால் நிலைமை இன்னும் மோசம். தனியாகச் சேர்க்காவிட்டால் ஒரு டம்ளர் ஆப்பிள் ஜூஸில் 2, 3 மில்லிகிராம் வைட்டமின் சிதான் இருக்கும், சர்க்கரை மட்டும் 24 கிராம். வைட்டமின் சிக்காக ஆப்பிள் ஜூஸ் குடிப்பதைவிட ஒரு கிழங்கு சாப்பிடுவது பல மடங்கு மேல். உங்கள் பட்டியலில் வெறுமனே 'பழச்சாறு' என்று போட்டதில் இது எல்லாமே ஒன்றாகிவிட்டது.

இப்போது கிழங்குக்கு எதிராகச் சொல்லும் பெரிய குற்றச்சாட்டுக்கு வருகிறேன், ஏனென்றால் இது உண்மையிலேயே கனமான விஷயம். கிளைசெமிக் இண்டெக்ஸ், அதாவது ஒரு உணவு ரத்தச் சர்க்கரையை எவ்வளவு ஏற்றுகிறது என்று காட்டும் எண். வெந்த உருளைக்கிழங்குக்கு அது 78 அளவில் இருக்கிறது, ஆரஞ்சு ஜூஸுக்கு 50தான். இதைப் பார்த்துவிட்டுத்தான் பலர் கிழங்கை விஷம் என்று முடிவு கட்டுகிறார்கள். எண் சரி. ஆனால் அது எப்படி வந்தது என்று பார்க்க வேண்டும். 50 கிராம் கார்போஹைட்ரேட் கிடைக்கும் அளவுக்கு ஒரு உணவைத் தனியாக, வேறு எதுவும் சேர்க்காமல் சாப்பிடவைத்து, அடுத்த இரண்டு மணி நேரம் ரத்தத்தில் குளுக்கோஸ் எவ்வளவு ஏறுகிறது என்று அளக்கிறார்கள். வெறும் கிழங்கைக் கால் கிலோ சாப்பிட்டால்தான் அந்த 50 கிராம் வரும், அப்படி யாரும் சாப்பிடுவதில்லை. காய், பருப்பு, கொஞ்சம் கொழுப்பு என்று எதனோடாவது சேர்த்துத்தான் சாப்பிடுகிறோம், அப்போது ஏற்றம் மெதுவாகிறது. வேகவைத்து ஆறவைத்த கிழங்கில் மாவுச்சத்தின் ஒரு பகுதி குடலில் எளிதில் செரிக்காத வடிவத்துக்கு மாறிவிடுகிறது, அதனால் ஆறிய கிழங்குக்கு இந்த எண் சூடான கிழங்கைவிடக் குறையும்.

ஜூஸுக்கு எண் குறைவாக வருவதற்கும் ஒரு காரணம் இருக்கிறது. அதில் இருக்கும் சர்க்கரையில் ஏறக்குறைய பாதி ஃபிரக்டோஸ் என்ற பழச் சர்க்கரை. இந்த அளவுமுறை ரத்தக் குளுக்கோஸை மட்டும்தான் பார்க்கும். ஃபிரக்டோஸ் பெரும்பாலும் நேரே கல்லீரலுக்குப் போகிறது, அளவு மீறினால் அங்கே கொழுப்பாக மாறுகிறது. அது கருவியில் தெரியாது. ஆகவே 50 என்ற எண்ணைப் பார்த்து ஜூஸ் சாது என்று நினைத்துவிடக் கூடாது. அதற்காகச் சர்க்கரை நோயாளி கிழங்கை இஷ்டத்துக்குச் சாப்பிடலாம் என்று நான் சொல்லவே இல்லை. அளவு முக்கியம், அதை அவரவர் மருத்துவரிடம் கேட்க வேண்டும். சாதத்துக்கோ ரொட்டிக்கோ மேல் கூடுதலாகக் கிழங்கு என்று போகாமல், அதன் ஒரு பங்குக்குப் பதிலாகக் கிழங்கு என்று எடுத்துக்கொள்வதுதான் முறை.

எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. அம்மாவுக்கு மாத்திரை ஆரம்பித்தபோது கொடுத்தது. தலைசுற்றல், கை நடுக்கம், திடீர் வியர்வை வந்தால் உடனே அரை டம்ளர் பழச்சாறு குடிக்கவும், 15 நிமிடம் கழித்துச் சர்க்கரையைப் பார்க்கவும் என்று அதில் இருக்கும். ரத்தத்தில் சர்க்கரை ஆபத்தான அளவுக்குக் கீழே போனால் அவசரமாக ஏற்றுவதற்கு உலகம் முழுக்கச் சொல்லும் வழி அது. மெல்ல வேண்டாம், நார் இல்லை, வயிற்றில் தங்காமல் சீக்கிரம் குடலுக்கு இறங்கிவிடும். அந்தக் காகிதத்துக்கு முன்னால் நின்றுகொண்டுதான் அம்மா தினமும் முழு டம்ளர் ஜூஸைக் குடித்தார், தினமும் நான்தான் பிழிந்து கொடுத்தேன். எத்தனை தடவை அந்தக் கதவைத் திறந்து மூடியிருப்பேன், ஒரு நாள்கூட இரண்டையும் சேர்த்து யோசிக்கவில்லை. அதை நினைத்தால் இப்போதும் வயிற்றைப் பிசைகிறது.

பசி விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். 1995இல் சிட்னி பல்கலைக்கழகத்தில் சூசன்னா ஹோல்ட் என்பவரும் உடன் பணியாற்றியவர்களும் 38 உணவுகளை, ஒவ்வொன்றிலும் 240 கலோரி வரும்படி கொடுத்து, அடுத்த இரண்டு மணி நேரம் வயிறு எவ்வளவு நிறைவாக இருந்தது என்று கேட்டார்கள். வெள்ளை ரொட்டியை 100 என்று வைத்தால் வெந்த உருளைக்கிழங்கு 323 வாங்கியது. 38இல் முதல் இடம் அதற்குத்தான். ஆரஞ்சுப் பழமும் 202 வாங்கி நல்ல இடத்தில்தான் இருக்கிறது, அதுவும் பழமாகச் சாப்பிட்டபோது. ஜூஸ் குடித்தால் என்ன ஆகும் என்று எங்கள் வீட்டிலேயே தெரிந்தது. அம்மா காலையில் குடித்துவிட்டு பத்து மணிக்கெல்லாம் பசிக்கிறது என்பார். மூன்று ஆரஞ்சை ஒரே நேரத்தில் உட்கார்ந்து உரித்துத் தின்ன அவரால் முடியாது, இரண்டாவதிலேயே போதும் என்பார். பிழிந்தால் ஒரு நிமிடத்தில் மூன்றும் உள்ளே போய்விடுகிறது.

ஹார்வர்டு ஆய்வாளர்கள் 2013இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் ஒரு பெரிய ஆய்வை வெளியிட்டார்கள், 1,87,000க்கும் மேற்பட்டவர்களைப் பல வருடம் பின்தொடர்ந்தது. முழுப்பழம், முக்கியமாக அவுரிநெல்லி, திராட்சை, ஆப்பிள் அதிகம் சாப்பிட்டவர்களுக்கு இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் குறைவாக வந்தது, பழச்சாறு அதிகம் குடித்தவர்களுக்குக் கூடுதலாக வந்தது. அதே இதழில் 2025இல் உருளைக்கிழங்கைப் பற்றியும் ஒன்று வந்தது, 2,05,000க்கு மேல் ஆட்கள். வாரம் மூன்று முறை பிரெஞ்சு ஃபிரைஸ் என்று கூடும்போது ஆபத்து 20 சதவீதம் கூடியது. வேகவைத்தது, சுட்டது, மசித்தது ஆகியவற்றுக்கு அப்படித் தெளிவான தொடர்பு தெரியவில்லை. இவை கவனித்துப் பார்த்த ஆய்வுகள்தான், இதனால்தான் அது வந்தது என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் பொரித்ததையும் வேகவைத்ததையும் ஒரே பெயரில் எழுதுவது தவறு என்பதற்கு இது போதும். வெந்த கிழங்கில் 100 கிராமுக்கு 87 கலோரி, பொரித்த ஃபிரைஸில் 312, சிப்ஸில் 500க்கு மேல். இடையில் சேர்ந்தது எண்ணெய், அப்புறம் உப்பு. கிழங்குக்குக் கெட்ட பெயர் வந்ததே அந்த எண்ணெய்ச் சட்டியால்தான்.

வேகவைப்பதிலும் ஒரு விஷயம் உண்டு. தோலைச் சீவி, சின்னத் துண்டுகளாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து வடித்தால் வைட்டமின் சியும் பொட்டாசியமும் தண்ணீரோடு கணிசமாகப் போய்விடும். முழுசாகத் தோலோடு வேகவைத்து அப்புறம் உரிப்பதே நல்லது, சூடு ஆறியதும் விரலாலேயே தோல் கழன்று வரும். பச்சை பிடித்த கிழங்கு, முளைவிட்டது என்றால் அந்தப் பகுதியை ஆழமாக வெட்டி எறியுங்கள், ரொம்பப் பச்சையாக இருந்தால் கிழங்கையே எறிந்துவிடுங்கள், அதில் சோலனின் என்ற நச்சு சேர்ந்திருக்கும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு நான் மேலே பெருமையாகச் சொன்ன பொட்டாசியமே பிரச்சினை. கிழங்கு, ஆரஞ்சு ஜூஸ் இரண்டுமே அவர்களுக்கு மருத்துவர் சொன்ன அளவில்தான்.

குழந்தைகளைப் பற்றியும் உங்கள் பட்டியல் ஒன்றும் சொல்லவில்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2017இல் ஒரு வயதுக்குள் ஜூஸே வேண்டாம் என்றும், மூன்று வயது வரை ஒரு நாளைக்கு அதிகபட்சம் 120 மில்லி என்றும் சொல்லிவிட்டது. பாலுக்குப் பதில் ஜூஸ் பாட்டிலை வாயில் வைத்துக்கொண்டே தூங்கும் குழந்தையின் பல் என்ன ஆகும் என்று எந்தப் பல் மருத்துவரிடம் வேண்டுமானாலும் கேளுங்கள், சர்க்கரையோடு அமிலமும் சேர்ந்து அரிக்கும்.

அம்மா இப்போது ஜூஸை விட்டுவிட்டார். சாப்பாட்டுக்கு அப்புறம் ஒரு ஆரஞ்சை எடுத்துக்கொண்டு உட்காருவார், சுளை சுளையாகப் பிரித்து, கொட்டையை ஓரமாக வைத்து, பேசிக்கொண்டே பத்து நிமிடம் சாப்பிடுவார். வாரத்தில் இரண்டு நாள் வெந்த கிழங்கு அவர் தட்டுக்குத் திரும்பி வந்துவிட்டது, சின்னதாக ஒன்று, அன்றைக்குச் சாதம் பாதி. முதல் நாள் வைத்தபோது என்னை இரண்டு தடவை கேட்டார், "நிஜமாவே சாப்பிடலாமாடா?" என்று. அடுத்த பரிசோதனையில் எண் இறங்கியிருந்தது. மாத்திரையும் நடையும் கூடவே இருக்கின்றன, ஜூஸை நிறுத்தியது ஒன்றுதான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன்.

உங்களிடம் கேட்பது இதுதான். அந்தப் பட்டியலைத் திருத்தி அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் போடுங்கள். உருளைக்கிழங்குக்கு வேகவைத்தது, பொரித்தது என்று இரண்டு வரி. பழத்துக்கு முழுப்பழம், சாறு என்று இரண்டு வரி. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் எத்தனை கிராம், எத்தனை மில்லி, அதில் சர்க்கரை எவ்வளவு, நார் எவ்வளவு. இதற்கு நான்கு அங்குல இடம் போதும். ஞாயிறு இணைப்பை வெட்டி எடுத்து ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி வைக்கிறவர்கள் இருக்கிறார்கள், எங்கள் வீட்டில் அந்த மருத்துவக் காகிதத்துக்குப் பக்கத்தில் இருந்ததும் அப்படி வெட்டி ஒட்டிய ஒரு பட்டியல்தான்.

நன்றி.

இப்படிக்கு,
நீண்டநாள் வாசகன்